அள்ளிய உளுந்தில் கண்ணாடித்தூள்

தோழருக்கு,

போன வியாழக்கிழமை குத்தாலம் தாண்டி வந்துகொண்டிருந்தபோது காருக்குள் அந்த வாசனை வந்தது. காய்ந்த உளுந்துச் செடி டயருக்கு அடியில் நொறுங்கும்போது எழுமே, அந்தத் தூசி வாசனை. பங்குனி பிறந்தால் நம் பக்கத்துச் சாலைகளில் இன்றும் உளுந்தைப் பரப்பித்தான் வைக்கிறார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறிப் போனால் செடி மிதிபட்டு மணி உதிர்ந்துவிடும். மாடும் வேண்டாம், தடியும் வேண்டாம். வண்டிக்காரன் திட்டிக்கொண்டே ஏற்றுவான், செடி போட்டவன் சிரித்துக்கொண்டே கும்பிடுவான்.

மருமகன் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். உளுந்தின் மேல் வண்டி வழுக்கி, ஓரமாக மொபெட்டில் வந்த ஒருவரைத் தட்டிவிட்டது. மனிதர் கை மடங்கி விழுந்தார். மாப்பிள்ளை இறங்கினதும் செல்போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தார். காரின் முகம், மொபெட், நம்பர், சாலை, செடி ஒன்றையும் விடவில்லை. இன்சூரன்சில் கேட்பார்கள் என்றார். சரியாகத்தான் செய்தார். நீங்களும் நானும் ஒரு பென்சிலையும் டிரிப் நோட்டையும் வைத்துக்கொண்டு நாளெல்லாம் செய்ததை ஒரு விரலால் முடித்துவிட்டார். நான்தான் எந்தக் காலத்தில் நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். கீழே கிடப்பது நீங்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

அப்போது நான் மிராசுதார் வீட்டுக் கறுப்புக் காரின் டிரைவர். நீங்கள் நம் ஊர்க் கூலிக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. கடைத்தெருச் சுவரில் எல்லாம் புதுக் கொடியின் நிறம். நம் ஊர்க் களத்துமேட்டில் மட்டும் பழைய ஆட்சிதான். அறுவடைக் கூலியில் ஒரு படி கூடக் கேட்டு நீங்கள் வேலையை நிறுத்தினீர்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அத்தோடு விட்டாரா? சங்கத்துக்காரன் எவனும் தன் களத்தில் கால் வைக்கக் கூடாது என்று படலைச் சாத்திப் பூட்டினார். ஒரு மா குத்தகை நிலத்தில் உங்களுக்கு விளைந்த உளுந்தை அடிக்க இடமில்லை. அதனால்தான் அது சாலைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் நான் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் என்னைவிட நாலு வயது மூத்தவர். இருந்தும் உங்கள் தெரு ஆட்களை யாரும் 'நீங்க' என்றதில்லை. நான் மட்டும் என்ன கொம்பா? கார்ச் சாவி கையில் இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே திமிர் இருந்தது. நீங்களோ என்னை 'டிரைவரே' என்பீர்கள், வாங்க போங்க என்பீர்கள்.

அன்று மிராசுதாருக்கு ஒரு குத்தகை வழக்கு. மாயவரம் போய்க்கொண்டிருந்தோம். மதகுக்கும் புளியமரத்துக்கும் நடுவே உளுந்து பரந்து கிடந்தது. நீங்கள் நடுவில் நின்று கவைக்கோலால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, மணிகளின் மேல் மிதந்து போனது. உங்கள் வலது காலை மடக்கிப் போட்டுவிட்டுப் புளியமரத்தில் போய் முட்டியது. முன்விளக்கு பொலபொலவென்று கொட்டியது. என் நெற்றி ஸ்டியரிங்கில் மோதி ரத்தம் கண்ணில் இறங்கியது.

மிராசுதாருக்கு ஒரு கீறல் இல்லை. வண்டியைப் பின்னால் எடுத்து நேராகப் போகச் சொன்னார். நானும் சாவியில் கை வைத்துவிட்டேன். அப்போது கீழே கிடந்தபடி நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வண்டிய எடுக்காதீங்க டிரைவரே. நின்னா விபத்து. எடுத்தீங்கன்னா கொல்ல வந்தவன்னுதான் சொல்லுவானுங்க."

உங்கள் தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் கையில் அரிவாள். மிராசுதார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். நீங்கள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். அடிக்கிறவன் உங்களைத் தாண்டித்தான் வர வேண்டும். எலும்பு முறிந்தவன் பிடியில் அவ்வளவு பலம் எப்படி வந்தது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

அப்புறம் என்னை எழுதச் சொன்னீர்கள். அங்கே கையில் நோட்டும் பென்சிலும் இருந்தவன் நான் ஒருவன்தான். டிரிப் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்: வண்டி நம்பர், புளியமரத்தில் முட்டிய பக்கம், வண்டி நின்ற இடத்திலிருந்து மதகு எத்தனை தப்படி. பார்த்தவர்கள் யார் என்று கேட்டு டீக்கடைக்காரர் பேரையும், சைக்கிளில் வந்துகொண்டிருந்த தபால்காரர் பேரையும் போட வைத்தீர்கள். என் மேலேயே வரப்போகிற வழக்குக்கு நானே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். வலியில் உங்கள் உதடு வெளுத்திருந்தது. இதற்கு முன் பஸ் தட்டிய ஒரு பெண்ணுக்காக நீங்கள் கோர்ட்டுக்கு நடந்தவர். ஆஸ்பத்திரியிலேயே யாரோ காப்பி வாங்கிக் கொடுத்து வெள்ளைத்தாளில் அவள் கைநாட்டை வாங்கிவிட, அந்த வழக்கு அன்றைக்கே செத்துப்போனது. அதிலிருந்து கற்றதை உடைந்த காலோடு செய்துகொண்டிருந்தீர்கள்.

உங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் நடந்தே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். இந்த நேரத்துக்குள்தான் நம் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யாத காரியம் ஒன்று நடந்தது. உங்கள் வீட்டம்மா நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாலையில் கிடந்த உளுந்தை ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளிவிட்டார். ரத்தம் பட்ட இடத்தில் நாலு குடம் வாய்க்கால் தண்ணீர் ஊற்றிக் கழுவிச் சாணமும் தெளித்துவிட்டார். தானியத்தை மிதிபட விடலாமா, ரத்தத்தைத் தெருவில் வெயில் காய விடலாமா, சாலையை மறித்ததாகப் போலீஸ் கேஸ் போட்டால் என்ன செய்வது என்று மூன்று கவலை அவருக்கு. மூன்றும் நியாயமானவை.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது சாலை மார்கழி வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது. பிரேக் பிடித்தால் தாரில் டயர் தேய்ந்த கோடு இருக்க வேண்டும். உளுந்தின் மேல் வழுக்கிய வண்டிக்குக் கோடு ஏது? "பிரேக்கே புடிக்கலையேப்பா" என்றார். சங்கத் தலைவர் மேல் மிராசுதாரின் கார் பிரேக் பிடிக்காமல் ஏறியிருக்கிறது. அந்த வருஷத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். என்னை உள்ளே வைத்தார்கள். உளுந்தைக் கண்டதுமே பிரேக் பிடித்தேன் என்று நான் சொன்னேன். பின் சீட்டில் இருந்து பார்த்த மிராசுதாரோ, நான் உளுந்தைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை, கடைசியில்தான் மிதித்தேன், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். சாலையில் ஒரு மணி உளுந்து இல்லாததால் இரண்டு பேர் பேச்சையும் இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. மிராசுதார் தன் தலை தப்பினால் போதும் என்று பேசுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உங்களிடம் வாக்குமூலம் வாங்கப் போனார்கள். அங்கே நடந்ததை ஏட்டு வந்து லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று சொன்னார். உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வண்டியை ஏற்றிக் கொல்லப் பார்த்தார்கள் என்று சொல்லியிருந்தால் சங்கமே உங்களைத் தோளில் தூக்கியிருக்கும். மிராசுதாரின் கணக்குப்பிள்ளை நீட்டிய ராஜித் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றே ஏதாவது கைக்கு வந்திருக்கும். கணக்குப்பிள்ளையிடம் "வலி அடங்குறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போடறதில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். இன்ஸ்பெக்டரிடம் சொன்னதுதான் என்னை வெளியே கொண்டுவந்தது.

"ரோட்டுல உளுந்து கெடந்துச்சுங்க. போட்டது நாங்க. கூட்டி அள்ளுனது எம் பொண்டாட்டி. அள்ளுன சாக்கக் கொட்டிப் பாருங்க, வெளக்குக் கண்ணாடி கெடக்கும். களத்தப் பூட்டுனது யாருன்னும் கூடவே எழுதிக்கங்க."

சாக்கைக் கொட்டினார்கள். உளுந்தோடு உளுந்தாகக் கண்ணாடித்தூள் மின்னியது. நான் வெளியே வந்தேன். உங்கள் வீட்டில் அந்த வருஷம் அந்த உளுந்தை யாரும் அரைக்கவில்லை. சங்கத்தில் உங்களோடு ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கைக்கு வந்த கொலைக்கேசைக் கெடுத்துவிட்டானே என்று அவர்களுக்கு ஆத்திரம்.

உங்கள் காலில் கட்டுப் பிரித்ததும் பார்க்க வந்தேன். கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே ஒரு தகர டப்பா. அதில் எக்ஸ்ரே படம், டாக்டர் சீட்டு, மருந்துக்கடைத் துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேல் ரத்தக்கறை படிந்த வேட்டி. ஊர்ச் சாலையையே கழுவிய வீட்டம்மாவை அந்த வேட்டியை மட்டும் கழுவ விடாமல் காவல் காத்ததாகச் சொல்லிச் சிரித்தீர்கள். அம்மா முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றுதான் உங்களை முதன்முதலாகத் தோழர் என்று கூப்பிட்டேன். நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை; இருந்தாலும் வேறு சொல் வாயில் வரவில்லை.

மிராசுதார் வீட்டு வேலை போயிற்று. ஒரு பஸ் கம்பெனியில் சேர்ந்தேன். கால் தாங்கித் தாங்கி நடந்து வந்து முன் சீட்டில் நீங்கள் ஏறிக்கொள்வீர்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் யாருக்கு வண்டி தட்டினாலும் நமக்கு ஆள் வரும். என் லீவு நாளில் ஒரே சைக்கிளில் போவோம். நீங்கள் பின்னால் கயிற்றுச் சுருளோடு உட்கார்ந்து வருவீர்கள். கயிறு பிடித்துத் தூரம் அளப்பது உங்கள் வேலை, எழுதுவது என் வேலை. அடிபட்டவனை முதலில் டாக்டரிடம் அனுப்பு, வண்டியை நகர்த்தாதே, பார்த்தவன் பேரை அவன் டீ குடித்து முடிப்பதற்குள் வாங்கு, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கை வைக்காதே. வாய் வலிக்கச் சொல்வீர்கள். போலீசுக்கு முன்னால் இந்த இரண்டு பேர் வந்துவிடுவார்கள் என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். என் ஆயுளில் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால், அந்த சைக்கிள் மிதித்த நாட்களைத்தான் சொல்வேன்.

உங்கள் நஷ்டஈட்டு மனு மூன்றாம் வருஷம் முடிந்தது. டிரைவர் கண்டதுமே பிரேக் பிடித்திருக்கிறார், சாலையில் உளுந்தைப் போட்டவர்கள் மேலும் தவறு இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதில் பாதிதான் கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்பு என் சாட்சியத்தின் மேல்தான் நின்றது. கோர்ட் வாசலில் டீ குடிக்கும்போது நீங்கள் கிளாசைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

"அன்னிக்குக் கொஞ்சம் வேகமாத்தான் வந்தீங்க, இல்ல டிரைவரே?"

கண்டதுமே மிதித்தேன் என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு எனக்கு இன்னொரு டீ சொன்னீர்கள். அதன் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

தோழர், மிராசுதார் தன் வாழ்நாளில் உங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய். என்னைப் பற்றி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது மட்டும் நிஜம். மதகில் ஏறும்போதே உளுந்தைப் பார்த்தேன், உங்களையும் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் குறைத்திருப்பேன். அன்றைக்கு, ரோடு என்ன இவனுகள் பாட்டன் சொத்தா என்று ஒரு எண்ணம் வந்தது. கொல்ல நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. நீங்கள் பதறி ஒதுங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். நீங்கள் ஒதுங்கவில்லை. வழக்கம்போல நான் குறைப்பேன் என்று நம்பி நின்றீர்கள்.

நீங்கள் உங்கள் தரப்புத் தவறைச் சொல்லி என்னை மீட்டீர்கள். நான் என் தவறை விழுங்கி உங்கள் பாதியைத் தின்றேன். உங்களைத் தகனத்துக்குத் தூக்கிய அன்றாவது காதோடு சொல்லிவிடலாம் என்று வந்தேன். கொடி போர்த்திக் கிடந்தீர்கள், சுற்றிலும் கூட்டம், சொல்லாமலே திரும்பினேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். மாப்பிள்ளை நல்லவர்தான், பதறிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், அவரே குறுக்கே வந்துவிட்டதாக ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும் என்றும் விழுந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் இடது கையை நீட்டிப் பேனாவை வாங்கப் போனார். நான் குறுக்கே போய்ப் பேனாவை வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வலி அடங்கிய பிறகு கையெழுத்துப் போடலாம் என்றேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். உளுந்துக்காரப் பெண்ணிடம் துடைப்பத்தைத் தொடாதே என்றும் சொன்னேன்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். உளுந்து வழுக்கிவிட்டது, பார்த்ததுமே பிரேக் போட்டேன் என்று மாப்பிள்ளை சொன்னார். அதே வார்த்தை.

"உளுந்து கெடந்தது நெசம்தான் சார். பாத்துட்டும் கொறைக்கல. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மகள் நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை; சோறு மட்டும் வருகிறது. மாப்பிள்ளை நேற்று வாசலில் நின்று, "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு முழுக்கதையையும் சொன்னேன். உங்களுக்குச் சொல்லாததை முதலில் அவருக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

அந்த டிரிப் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலையில் எடுத்தேன். நீங்கள் சொல்லி நான் எழுதிய பக்கம் பழுத்துவிட்டது. டீக்கடைக்காரரும் தபால்காரரும் அதில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பேருக்குக் கீழே மூன்றாவது சாட்சியாக என் பேரை எழுதினேன். 'மதகிலேயே பார்த்தேன், குறைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதினேன். வலி அடங்குவதற்கு முன் கையெழுத்துப் போடக் கூடாது என்பீர்கள். இத்தனை வருஷமும் பார்த்துவிட்டேன் தோழர், இது அடங்கவில்லை. போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்