பிரவுணிக்குப் பழகிப்போன சத்தம்

சிவமயம்

வெள்ளவத்தை
14.08.2007

அன்புள்ள தம்பி நாகேந்திரத்துக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் எதையும் கதைக்கப் பயம். அதனால் ரொறன்ரோ வரும் கொன்ஸ்ரன்ஸ் ரீச்சரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

துவாரகனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. என் மகனை வீட்டு வாசலில் வைத்து வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்று பொலிசில் சொன்னால், நம்பர் என்ன, கண்டது யார் என்று கேட்கிறார்கள். நான் குசினியில் மிக்ஸி போட்டுக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. உன் அத்தான் அப்போது வேலையால் திரும்பவில்லை. லேனில் கண்டவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். கேற்றடியில் நின்றது எங்கள் நாய் பிரவுணி மட்டும்தான்.

பிறகு ஒரு நாள் லேனால் ஒரு வான் போனது. எஞ்சின் பெல்ட் கீச்சிடும் சத்தம். பிரவுணி மேசைக்குக் கீழே புகுந்து நடுங்கி அங்கேயே மூத்திரம் போய்விட்டது. மற்ற வான்களுக்கு அது காதையும் அசைப்பதில்லை. அப்போதுதான் உன் ஆய்வுகூடத்து எலிகள் நினைவுக்கு வந்தன. பயப்படும் நேரம் மூளையில் ஏதோ சுரக்கும், அந்த நேரம் கேட்ட சத்தம் ஒரே தடவையில் பதிந்துவிடும், மருந்து கொடுத்து அந்தச் சுரப்பைத் தடுத்தால் எலிக்கு அடுத்த நாள் அந்தச் சத்தம் ஒரு பொருட்டாயிராது என்று போன முறை வந்தபோது சொன்னாய். எலியை வெருட்டவா கனடா போனாய் என்று நான் பகிடி பண்ணினேன். இப்போது அந்தக் கதையைத்தான் பிடித்துத் தொங்குகிறேன்.

பிரவுணியைக் கூட்டிக்கொண்டு காலி வீதியெல்லாம் நடந்தேன். நாயோடு போகும் மனுசியை ஆமிக்காரரின் சென்றியில் யாரும் மறிப்பதில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும்போதும் ஆட்டோவில் ஏற்றிப் போனேன். திரும்பும் வழியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குள் ஒரு வானை ஸ்டார்ட் பண்ணினார்கள், அதே கீச்சிடும் சத்தம். பிரவுணி வீதியிலேயே குந்திவிட்டது. நம்பரைப் பாடமாக்கிக்கொண்டு வந்து சட்டத்தரணி சிவானந்தனிடம் சொன்னேன். நாயின் சாட்சி கோர்ட்டில் எடுபடாது, ஆனால் அது நடுங்குவதைத் தானே நேரில் பார்த்தால் அந்த வானைப் பற்றி விசாரிக்கச் சொல்லிப் பொலிசிடம் கேட்கலாம் என்றார்.

அங்கேதான் நான் பிழை விட்டேன். அவர் வருவதற்குள் நிச்சயப்படுத்த வேண்டும் என்று நாளாந்தம் அதே கராஜடிக்கு அதைக் கொண்டுபோனேன். முதலில் நடுங்கியது. பிறகு என் சாரிக்குள் முகத்தை ஒளித்தது. பிறகு சும்மா நின்றது. கராஜில் வேலை செய்பவர் ஒருவர் சிங்களத்தில் மல்லி, தம்பி என்று கூப்பிட்டு அதற்கு மீன் வைத்த மாலுபாண் வேறு கொடுத்தார். சிவானந்தன் வந்து நின்ற அன்று, அந்த வான் கீச்சிட்டுக்கொண்டு வெளியே வர, பிரவுணி வாலை ஆட்டியது. அவர் என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

தம்பி, இருந்த ஒரேயொரு சாட்சியையும் நானே கெடுத்துவிட்டேனோ? பதிந்தது அழிந்தே போகுமா, அல்லது உள்ளே எங்கேயாவது கிடக்குமா? உண்மையை எழுது, ஆறுதல் எழுதாதே.

எதிர்வீட்டு றொபேட்டிடம் துவாரகனுடையதைப் போலவே ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் பிரவுணி கேற்றுக்கு ஓடும். ஒவ்வொரு முறையும் துவாரகன் வராததால் இப்போது தலையை மட்டும் தூக்குகிறது. இதையும் பழக விடக் கூடாது என்று, லேன் முகப்பில் எஞ்சினை நிறுத்திவிட்டு வரச் சொல்லி றொபேட்டிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தள்ளிக்கொண்டுதான் போகிறான்.

மறந்த சத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து உன் ஆய்வுகூடத்தில் இருந்தால் எப்படியாவது அனுப்பிவை. அது மனிதருக்கும் சரிவருமா என்றும் எழுது. துவாரகன் அம்மா என்று கூப்பிடும் குரல் சில காலைகளில் எனக்கு உடனே நினைவுக்கு வருவதில்லை. அத்தானுக்கு இதைச் சொல்லவில்லை.

உன் பிள்ளைகள் உன்னைக் கூப்பிடும் சத்தம் உன் வீட்டில் எந்நாளும் கேட்கட்டும்.

உன் அக்கா,
சிவமணி