காதில் ஒட்டிய தங்க ரேக்கு

கடல் தாண்டிப் போயும் என்னை விட்டுத் தள்ளிப் போகாத என் அண்ணாவுக்கு,

இந்த வருஷம் பாகூர் ஏரி நிரம்பிவிட்டது. விடியலில் பனி இறங்கும்போது கரை எது, தண்ணீர் எது என்று தெரிவதில்லை. நீ வேலை பார்த்த கம்போஜத்திலும் ஆறு இப்படித்தான் வயலுக்குள் வந்து உட்காரும் என்று எழுதியிருந்தாய். அரைத் தூக்கத்தில் எனக்கு இரண்டும் ஒரே தண்ணீராகிவிடுகிறது. அதன் மேல் நீ நடந்து வருகிறாய். செருப்புகூட நனைவதில்லை.

வீட்டுக் கதையை நாலு பேர் படிக்க எழுதுகிறவள் அல்ல நான். உனக்குத் தெரியும். ஆனால் மறைத்து வைத்த ஒன்றை மறைவாகவே சொல்லி முடிக்க மனம் வரவில்லை; அதனால் இதை நாலு பேர் படிக்கவே எழுதுகிறேன்.

நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்ற செய்தி முதலில் வந்தது. உன் தகரப் பெட்டி அடுத்த கப்பலில் வந்தது. அன்று நான் புத்தகம் மாற்றப் புதுச்சேரிக்குப் போயிருந்தேன். அம்மா தனியாகவே பெட்டியைத் திறந்திருக்கிறாள். இரண்டு சட்டை, உன் வேட்டியில் சுற்றிய ஒரு முழ உயரப் புத்தர், அம்மாவுக்கு எழுதி நீ அனுப்பாமல் விட்ட கடிதம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தேய்க்கத்தான் தெரியும்.

நான் திரும்பியபோது விளக்கு மாடத்தில் புத்தர் புதுக் குடம் போல மின்னிக்கொண்டிருந்தார்.

"பாருடி, எப்படி இருக்காரு! கப்பல்ல வந்த பிசுக்கு. மஞ்சளா தோல் உரியற மாதிரி இருந்துச்சு. புளியும் செங்கல் பொடியும் போட்டு ஒரு தேய் தேய்ச்சேன். நம்ம வூட்டு சாமி அழுக்கா இருக்கலாமா?"

"தண்ணிய எங்கம்மா ஊத்தின?"

"வாழைக்குத்தான். ஏன்?"

எனக்கு ஏதோ உறுத்தியது. அன்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள், அச்சை உடைத்துத்தான் எடுப்பார்கள் என்பதால் இதைப்போல் இன்னொன்று கிடையாது என்று எழுதியிருந்தாய். தலையில் இருக்கும் சுடர் ஞானம். காது நீண்டிருப்பது, அரச குமாரனாக அணிந்த கனமான குண்டலங்களைக் கழற்றிப் போட்டதால். தவத்தைக் கலைக்கப் படையோடு வந்த மாரன் 'உனக்கு யார் சாட்சி?' என்று கேட்டபோது, வலக்கை விரலால் மண்ணைத் தொட்டு 'இவள்தான்' என்றாராம்.

"நான் ஏதோ கீழ வுழுந்தத தேடறாருன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "இது யாரு, பீடத்துல தலைய புழிஞ்சிக்கினு? தலைக்கு ஊத்திக்கினு ஈரத்தோட நிக்கிறா, சளி புடிக்கப் போவுது."

அவள்தான் பூமித்தாய். அவர் பிறவிதோறும் தானம் செய்து தாரை வார்த்த நீரெல்லாம் அவள் கூந்தலில் சேர்ந்திருந்ததாம். அதைப் பிழிந்தாள், மாரனின் படை அடித்துக்கொண்டு போயிற்று. அண்ணா, வாழைக்கு ஊற்றிய அந்தத் தண்ணீரையும் அவள் பிடித்து வைத்திருப்பாளா?

கேட்கக் காரணம் உண்டு. கடிதத்தின் அடுத்த வரிகளை நான் படிக்கவில்லை. கண்ணால் பார்த்தேன், வாயால் விழுங்கினேன். "அவ்ளோதானா?" என்றாள் அம்மா. "அவ்ளோதான்" என்றேன். அவள் புத்தரின் முகத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வேன்?

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "வேற ஒண்ணும் எழுதலியா அவன்?" என்ற கேள்வி. ஆறு மாதம் போயிற்று. இப்போது சொல், தவறு செய்தது புளியா, நானா?

போன வெள்ளிக்கிழமை அம்மா ஒரு தேங்காய் நாரை முறுக்கிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தாள்.

"காதுக்குப் பின்னால கொஞ்சம் அழுக்கு ஒட்டிக்கினு இருக்கு. போவவே மாட்டேங்குது. ஒங்க அண்ணனுக்கும் இதே எடந்தான். குளிப்பாட்ட வுடமாட்டான்."

இடக்காதின் மடிப்பில், நெல் உமி அளவுக்கு ஒரு மஞ்சள்.

"வுடும்மா! தேய்க்காத!" என்று கத்திவிட்டேன். பிறகு கத்தியதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கடிதத்தை எடுத்துவந்து, ஈரக் கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விழுங்கிய வரிகளைப் படித்தேன்.

'அம்மா, இங்கே எல்லாரும் புத்தர்மேல் காகிதத்தைவிட மெல்லிய தங்க ரேக்கு ஒட்டி வேண்டிக்கொள்கிறார்கள். தலை வலிக்கிறவன் தலையில், முட்டி வலிக்கிறவன் முட்டியில். நான் உன் பேரைச் சொல்லி முகத்தில் ஒட்டினேன். மிச்சத்தை இரண்டு காதிலும் ஒட்டினேன். உன் குரல் கேட்காமல் என் காது வலிக்கிறது.'

அம்மா நாரைக் கீழே போட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"குண்டலமே வேணாம்னு கழட்டிப் போட்டவருக்குத் தங்கம் எதுக்குடி? அது போனா போவுது. அவன் மேல அப்பின சேறெல்லாம் தேய்ச்சி எடுத்த கைதான இது." வாளியைத் தள்ளி வைத்தாள். "ஆனா நீ இன்னா பண்ணிட்ட? போவும்போது எனக்குன்னு ஒரு வார்த்தகூட வுட்டுட்டுப் போவலியேன்னு ஆறு மாசமா அவன்மேல கோவமா இருந்தேன். அவன் வாய நீ பொத்தி வெச்சிருந்தியா?"

நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன், அண்ணா. நான் காப்பாற்றியது தங்கத்தைப் பற்றிய என் வருத்தத்தை மட்டும்தான்.

"படி, இன்னொரு வாட்டி" என்றாள். படித்தேன். "மெதுவா படி. அவன் அவசரமா பேசமாட்டான்." மறுபடி படித்தேன். நாலாவது முறை, உன் குரலில் அவளே சொல்ல ஆரம்பித்தாள். புத்தர் பாதிக் கண் மூடி, புளித் தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அம்மாவுக்காக உன் சொல்லில் எது நல்லது, எது வலிக்கும் என்று இனி நான் பிரித்துப் பார்க்க மாட்டேன். உன் பழைய கடிதங்களை எல்லாம் முதல் எழுத்திலிருந்து, கோபத்தில் நீ எழுதியவற்றையும் சேர்த்து, அவளுக்குப் படிக்கப்போகிறேன். அவளுக்கு வந்தவை அவை.

உன் சொல்லை அம்மாவிடம் தாமதமாகக் கொண்டு சேர்த்த,
உன் ஒரே தங்கை.