பக்கத்து நாற்காலித் துண்டு

பாவரோ கடற்கரை, வியாழன்

என் நியூயார்க் புருஷனுக்கு,

நம் கல்யாண நாளுக்கு வருவேன் என்றாயே, அதை நம்பி இருவருக்கும் அறை பிடித்தேன். விடுதியில் கையில் கட்டிவிட்ட பட்டையைக் காட்டினால் பொரித்த வாழைக்காயும் ரம்மும் கேட்டபோதெல்லாம் தருகிறார்கள். உன் பங்கையும் நானே குடிக்கிறேன்.

தினமும் விடியும் முன்பே போய் மணலில் இரண்டு நாற்காலிகளுக்குத் துண்டு போட்டுவிடுவேன். இன்று பரிமாறுகிற யுடெல்கா கேட்டாள்:

"பக்கத்துல யாரு அக்கா, பேயா?"

"என் புருஷன்டி. நியூயார்க்ல இருந்து நடந்து வர்றாரு."

"போன வருஷமும் இதத்தானே சொன்னீங்க!"

சிரித்துவிட்டேன். பிறகு உன் துண்டை மடித்துவிட்டு, வெயிலில் சிவந்துபோய் நின்ற ஒரு கனடாக்காரரை அங்கே உட்காரச் சொன்னேன்.

இனிமேல் உனக்கு நான் இடம் பிடிக்க மாட்டேன். வந்தால், விடியுமுன் எழுந்து உன் துண்டை நீயே போடு. என் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதா என்று அப்போது பார்க்கலாம்.

இப்படிக்கு,
உன் பங்கு ரம்மையும் குடித்தவள்