நூல் கட்டிய பாட்டில்

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நீ நன்றாக இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

போனில்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதானால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

ஆறு வருஷமாக உன்னிடம் ஒரு பொய் சொல்லி வருகிறேன். உணவகத்தில் சாமான் வாங்கும் வேலை என்றேனே, அந்தச் சாமான் வைன். சாப்பிட வருகிறவர்களிடம் என்ன சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டு, அதற்கு எது ஒத்துப்போகும் என்று எடுத்துக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் சிவப்பு வைன். போன மாதம் அந்தப் பிரிவு முழுவதையும் என் பொறுப்பில் விட்டார்கள். யாரிடமாவது சொல்லிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. உன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

போன தடவை நீ வந்தபோது என் வீட்டில் இருந்த நாற்பத்தோரு பாட்டிலையும் பக்கத்து வீட்டுப் பரணில் ஏற்றிவைத்தேன். நீ ரயில் ஏறியதும் இறக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்தேனே, குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னேனே, அதுவும் பொய்தான். இனி மறைக்க மனசும் இல்லை, முதுகும் தாங்காது.

நான் குடிகாரி இல்லை அம்மா. வேலையில் ருசி பார்ப்பதையெல்லாம் துப்பிவிடுவோம். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், அவ்வளவுதான். இரண்டாவதை ஊற்றக் கை போனாலே எனக்குப் பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் மாதம் வருகிறேன் என்றாயே. பாட்டில்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படியும் வருவாயா?

உன்
வாலு

*

பிப்ரவரி 20

வாலுவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. தையல் மெஷின் மேல் கிடக்கிறது.

உன் அப்பா போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. இந்த வீட்டுக்குள் இனி ஒரு பாட்டில் வராது என்று அன்றைக்குச் சொன்னவள் நான். இருமல் வந்தால்கூட மாத்திரைதான் வாங்குகிறேன். எண்ணெய் டப்பாவில் வருகிறது. இதெல்லாம் தெரிந்தவள் நீ.

துப்புகிற வேலைக்கா உன்னைப் படிக்க வைத்தேன்? ராத்திரி பத்து மணி வரைக்கும் ஊரான் பேன்ட்டுக்கெல்லாம் கால் மடித்துத் தைத்தது இதற்குத்தானா?

ஜூனுக்கு டிக்கெட் எடுக்கவில்லை. எடுக்கவும் போவதில்லை. பாட்டில் இருக்கிற வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. பொய் சொன்னாய் என்பதற்காக இல்லை. தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இங்கே சலவைக் கடையில் தையல் வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை.

அம்மா

முதுகு இப்போது எப்படி இருக்கிறது?

*

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

முதுகு சரியாகிவிட்டது. இவ்வளவு கோபத்திலும் முதுகைக் கேட்டாயே, அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

“துப்புகிற வேலை” என்று நீ எழுதியதை எங்கள் சமையல்காரரிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். “உங்கம்மாவ ஒருநாள் கூட்டிட்டு வா, இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பேரு யாரும் வச்சதில்ல” என்றார்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. சாயங்காலம் வீட்டில் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், கேள். முதலில் சமையல். போன வாரம் கத்தரிக்காயைச் சுட்டு எண்ணெய் விட்டுப் பிசைந்தேன், கொஞ்சம் ஆட்டுக்கறியும் வேகவைத்தேன். பிறகு மூன்று கிளாஸில் மூன்று சிவப்பு வைன், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் அளவு. ஒரு கவளம், ஒரு வாய், மறுபடி ஒரு கவளம். நோட்டில் எழுதிக்கொள்வேன். ஒன்று கத்தரிக்காயோடு வாயெல்லாம் துவர்த்தது. அதே வைன் கொழுப்புள்ள கறியோடு வந்தபோது அடங்கிப்போனது. உன்னை மாதிரிதான். தனியாக இருந்தால் முறைப்பாய், பக்கத்தில் சாப்பிட ஓர் ஆள் உட்கார்ந்தால் கனிந்துவிடுவாய்.

அம்மா, நம் வீட்டில் பாட்டில் வந்தால் தட்டு போய்விடும். நீ போட்டுவைத்த சோற்றை இன்னொரு தட்டால் மூடி வைப்பாய். காலையில் அப்படியே இருக்கும். அப்பா ஒரு நாளாவது அதைத் திறந்து பார்த்தாரா? என் மேசையில் தட்டு வந்த பிறகுதான் பாட்டில் வரும். வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் இந்த வேலைக்குள் நான் ஏன் போனேன் என்று யோசித்தால், அந்த மூடிய தட்டுதான் கண்முன் வருகிறது.

வா என்று கட்டாயப்படுத்தவில்லை. எழுதிக்கொண்டாவது இரு.

உன்
வாலு

*

மார்ச் 24

வாலுவுக்கு,

திட்டாமல் படி. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துணிப்பையை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அந்தக் கடை வாசல் எனக்குப் புதிதில்லை. உன் அப்பாவைக் கூட்டிவர எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். படி ஏறி உள்ளே போனது இதுதான் முதல் தடவை. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று திருடி மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். சிவப்பு வைன் என்று சொல்ல வாய் வரவில்லை. “சிவப்பா ஒண்ணு” என்றேன்.

கடைக்காரர் சின்ன வயசுக்காரர். “என்ன சமையலும்மா இன்னைக்கு?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ எழுதியிருந்த அதே கேள்வி. உன் அப்பாவை ஒருவரும் அந்தக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். “கோழியும் காளானும்” என்றேன். ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

தனியாகத் திறக்கத் தைரியம் இல்லை. மாடி வீட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். கார்க்கை எடுக்க நம் வீட்டில் என்ன இருக்கிறது? கத்தரிக்கோல் நுனியால் குத்தினேன், அது உள்ளே விழுந்துவிட்டது. தூளாக மிதந்ததை மெல்லிய துணியில் வடிகட்டினோம். துப்புவதற்கு நர்ஸம்மா ஆஸ்பத்திரித் தட்டு ஒன்று கொண்டுவந்தார், ஊசி வைப்பார்களே, அது. நான் துப்பினேன். நர்ஸம்மா துப்பவில்லை. மறந்துவிட்டாராம். மூன்று தடவை மறந்தார்.

கோழிக்கு மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுவிட்டேன். வைன் பட்டதும் வாய் தீயாய் எரிந்தது. காளானோடு பரவாயில்லை. என்ன வாசனை என்று கேட்பாய். புதுக் கம்பளித் துணியை முதல் தடவை இஸ்திரி போடும்போது ஒரு ஆவி வருமே, அது. அதற்குப் பின்னால் ஏதோ பழம். உன் அப்பா மேல் அடித்த வாசனை இல்லை. அதைத்தான் முகர்ந்து முகர்ந்து தேடினேன். இல்லை.

பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. வாயில் துணி சுற்றி அடுப்பு மேடை அலமாரியில் வைத்திருக்கிறேன். பழைய பழக்கம், மட்டத்தில் நூலும் கட்டிவிட்டேன்.

அம்மா

டிக்கெட் பற்றிக் கேட்காதே.

*

ஏப்ரல் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. கம்பளித் துணியின் இஸ்திரி ஆவி என்று எங்கள் தொழிலில் யாரும் எழுதியதில்லை. என் நோட்டில் உன் பெயரில் குறித்துக்கொண்டேன். காரம் வைனோடு சண்டை போடும். அடுத்த தடவை மிளகாயைக் குறை. துணி சுற்றினால் காற்று உள்ளே போகும், திறந்த வைன் மூன்று நாலு நாளுக்கு மேல் தாங்காது. குடிக்க வேண்டாம் என்றால் கொட்டிவிடு.

நூல் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். அம்மா, உன்னிடம் வைன் வேலையை மறைத்தது சின்னப் பொய். பெரிசு ஒன்று இருக்கிறது.

அப்பா பாட்டிலில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க நீ நூல் கட்டிவைப்பாய். எனக்கு அப்போது ஒன்பது வயசு. நீ வேலையிலிருந்து வந்ததும் முதலில் அந்த நூலைத்தான் பார்ப்பாய். அது மேலே நின்றால் அன்றைக்கு வீடு இரண்டு படும். அதனால் நீ வருவதற்கு முன்னால் நான் நாற்காலி போட்டு ஏறி நூலைக் கீழே இறக்கிவைப்பேன். மட்டத்துக்குச் சரியாக. வருஷக்கணக்கில் செய்தேன்.

அவர் குறைத்துக்கொண்டார் என்று நீ நம்பியிருப்பாய். நான் இறக்காமல் இருந்திருந்தால் நீ முன்னாடியே குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரி எதிலாவது கொண்டுபோய்ச் சேர்த்திருப்பாய், அவர் பிழைத்திருப்பார். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்க முடியாது என்றுதான் இவ்வளவு தூரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேனோ என்னவோ.

இப்போது நீ வராவிட்டாலும் எனக்குக் கேட்க வாயில்லை.

வாலு

*

ஏப்ரல் 19

என் கண்ணே,

உன் கடிதம் வந்த அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. மெஷினைத் திறக்கவும் இல்லை.

நான் என்ன வேலை செய்கிறவள்? ஒரு விரற்கடை கோணலாக இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவேன். நான் கட்டின நூல் சுற்றிலும் ஒரே மட்டமாக உட்கார்ந்திருக்கும். நீ இறக்கினால் முன்பக்கம் இறங்கியிருக்கும், பின்பக்கம் மேலேயே நிற்கும். சின்னக் கை, பின்னால் எட்டவில்லை. முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அப்பாவுக்கு நூல் கட்டியிருப்பதே தெரியாது. அவர் பாட்டிலைப் பார்த்தா ஊற்றினார்?

பின்பக்க மட்டத்தைப் பார்த்து அவர் எவ்வளவு குடித்தார் என்று தெரிந்துகொள்வேன். முன்பக்கத்தைப் பார்த்தால் பிள்ளை இன்றைக்குப் பயந்திருக்கிறது என்று தெரியும். நூல் கோணலாக இருந்த நாட்களில் நான் ஏதாவது சத்தம் போட்டிருக்கிறேனா, நினைத்துப் பார். வாயை மூடிக்கொண்டு உனக்குச் சோறு போடுவேன். நீ தின்று முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அவரை மூன்று தடவை கொண்டுபோய்ச் சேர்த்தேன். வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொன்னேனே, அந்த மூன்று தடவையும். நானும் உன்னிடம் பொய்தான் சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். நீ நூலை இறக்கியதால் அவர் சாகவில்லை. நான் நூல் கட்டியதால் அவர் பிழைக்கவும் இல்லை. இதை நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் தெரியாது என்று நானும், எனக்குத் தெரியாது என்று நீயும் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம். நல்ல அம்மாவும் பெண்ணும் போ.

பாட்டில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கொட்டச் சொன்னாய், கொட்டவில்லை. தினமும் கடையிலிருந்து வந்ததும் ஒரு தடவை பார்க்கிறேன். இருபத்தெட்டு நாளாக நூல் கட்டின இடத்திலேயே இருக்கிறது. எத்தனை நாள் அப்படியே இருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான்.

அம்மா

*

மே 11

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று நர்ஸம்மா இரண்டு கிளாஸோடு இறங்கி வந்தார். “அந்த மிச்சத்த இன்னுமா வச்சிருக்கீங்க, குடுங்க ஒரு வாய்” என்றார். ஊற்றிக் கொடுத்தேன். ஒரே வாயில் முகம் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி ஆகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் துப்பினார்.

“புளிச்சுப் போச்சும்மா. வினிகரா ஆயிடுச்சு” என்றார்.

நானும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சுத்த வினிகர்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா பயந்துபோய் நாடி பிடித்துப் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. “நாசமாப் போன வைனுக்கா இப்படி அழறீங்க” என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது? இந்த வீட்டில் ஒரு பாட்டில் புளித்துப்போகிற வரைக்கும் இருந்ததே இல்லை. இரண்டு நாள்கூடத் தாங்கியதில்லை. தாங்காது என்று நீ எழுதியிருந்தும், வைன் இப்படிப் புளிக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை பார். நாற்பத்தொன்பது நாள் அது பாட்டுக்கு அங்கே இருந்திருக்கிறது. நான் கடைக்குப் போனேன், வந்தேன், படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். பாட்டில் இருக்கிற வீட்டில் தூக்கம் வராது என்று உனக்கு எழுதினேனே, அது பொய்யாகிப்போனது.

கொட்டவில்லை. ராத்திரி வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கி, உப்புப் போட்டு, அதில் இரண்டு கரண்டி விட்டுச் சாப்பிட்டோம். அருமையாக இருந்தது. நர்ஸம்மா இரண்டு தடவை போட்டுக்கொண்டார். மிச்சத்தை ஒரு சின்ன ஜாடியில் ஊற்றி இறுக்கி மூடியிருக்கிறேன், உனக்குக் கொண்டுவர.

ஜூன் பதினொன்று, காலை ரயில். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நாற்பத்தோரு பாட்டிலும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தொடாதே, முதுகு போய்விடும். சமையல் நான் செய்கிறேன். மிளகாயைக் குறைத்துக்கொள்கிறேன். எதற்கு எது என்று நீ சொல். அந்தச் சமையல்காரரையும் பார்க்க வேண்டும்.

தட்டு வைத்துவிட்டுக் காத்திரு.

உன் அன்புள்ள
அம்மா

நூலை அவிழ்த்து ஊசிப் பெட்டியில் போட்டுவிட்டேன். உன் கோட்டில் பட்டன் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால் எடுத்து வை, அதற்கு ஆகும்.