மணித்தெருவில் விரைந்த தேர் குறித்து நுரைக்கரைத் தலைவிக்கு

நலம் நிறைக. நீர் நிறைக. இவ்வோலை சென்று சேரும் வீட்டின் கதவுகள் திறந்தே இருக்க.

செம்பாறை நாட்டின் ஏழு வாயில்களுக்கும் உரியவரான மாமன்னர் இளந்திகிரியாரின் ஆணையால் அந்நாட்டுப் பாதைகளையும் பாலங்களையும் துறைகளையும் காக்கும் அமைச்சன் வழுதூர்க் கீரங்கொற்றன், உப்பும் முத்தும் விளையும் நுரைக்கரை நாட்டைத் தம் அன்னையாருக்குப் பின் பதினோரு ஆண்டுகளாகக் குறைவின்றி ஆண்டுவரும் தலைவி அல்லியங்கோதை நாச்சியார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை.

தங்கள் உப்பளங்கள் மழைக்கு முன் வாரி முடிக்கப்பட்டன என்று கேட்டு மகிழ்ந்தோம். தங்கள் தாய்மாமனும் வாயிற்காவல் தலைவருமான நாகஞ்சேந்தனாரின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறோம். இரு நாடுகளுக்கிடையே செல்லும் எந்த ஓலையும் அவையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும் என்பது தங்கள் நாட்டு வழக்கம் என்பதை அறிவேன். ஆகவே அவையோர் யாவருக்கும் என் வணக்கம். வாசிப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: சில இடங்களில் தொண்டை அடைப்பது போல் தோன்றினால் சற்று நீர் அருந்திவிட்டுத் தொடர்க, எதையும் விட்டுவிட வேண்டாம்.

நேற்றுத் தங்கள் ஓலை வந்தது. ஐப்பசித் திங்களில் எங்கள் ஆற்றுத்துறையில் தங்கள் படகு அரை நாழிகை நின்றதாகவும், வருவதாக வாக்களித்தவர் வரவில்லை என்றும், அரை நாழிகைக்கு வர மனமில்லாதவர் வாழ்நாள் முழுவதற்கும் வர வேண்டியதில்லை என்றும், இதற்கு மறுமொழி வராவிட்டால் அந்த மௌனத்தையே மறுமொழியாகக் கொண்டு நம் மணநாளை நீக்கிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

நாச்சியாரே, நான் வந்தேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு முப்பத்தேழு நாட்கள் ஆயின. அதன் காரணத்தைச் சொல்லவே இந்த ஓலை.

எங்கள் தலைநகரில் மணித்தெரு என்றொரு கடைத்தெரு உண்டு. அரண்மனையிலிருந்து துறைக்குச் செல்ல அதுவே குறுக்கு வழி. தெருவின் இரு முனையிலும் வாயில்கள் உள்ளன. முதல் வாயிலில் தேர் நுழைந்ததும் மணி அடிக்கப்படும். மணி கேட்டதும் இரண்டாம் வாயிலில் இருப்பவள், அடியில் துளையிட்ட செப்பு வட்டில் ஒன்றை நீரில் மிதக்க விடுவாள். அது நிறைந்து மூழ்கிய பின் தேர் வந்தால் குற்றமில்லை. மூழ்குமுன் வந்தால் அந்தத் தேருக்குரிய வீட்டின் பெயரை ஓர் ஓலை நறுக்கில் கீறி, மூடிய குடத்தில் இட்டுவிடுவாள். பாதைமன்றத்தார் குடத்தை உடைத்து ஆராய்ந்து, நாற்பத்தைந்து நாட்களுக்குள் குற்றவாளியின் வீட்டுக்குச் செந்நூல் கட்டிய ஓலை அனுப்புவர். ஓலை கண்டவர் ஓராண்டுக்குக் கடிவாளத்தைத் தொடக்கூடாது. நாற்பத்தைந்தாம் நாள் மாலைவரை ஓலை வராவிட்டால் அவர் விடுபட்டார்.

இந்தச் சட்டத்தை இயற்றியவன் நான். ஏழு ஆண்டுகளுக்கு முன் அத்தெருவில் சுண்ணாம்பு விற்ற ஒரு பெண் தேர்க்காலில் அகப்பட்டு இறந்தாள். அவள் வீட்டுக்கு நானே சென்றேன். அவள் கணவன், தெருவில் கிடந்த அவளது ஒற்றைச் செருப்பை மட்டும் திருப்பித் திருப்பி என்னிடம் காட்டிக்கொண்டிருந்தான். அன்று மாலையே சட்டத்தை எழுதினேன். இறந்தவளின் தங்கை மாசாத்தியை வட்டில்காரியாக நியமித்தேன். எந்தப் பெரிய வீட்டுத் தேர் வந்தாலும் அவள் கை நடுங்காது என்பதால்தான் நியமித்தேன்.

அதில் ஒரு விதியையும் சேர்த்தேன். தேருடையவர்கள் மன்றத்தார் வீடுகளுக்குப் பலாப்பழமும் நெய்க்குடமும் அனுப்பித் தம் பெயர் வந்ததா என்று விசாரிக்கத் தொடங்கியதால், தீர்ப்பு வருமுன் அதைப் பற்றி வினவுபவர் எவரும் குற்றத்தை ஒப்பியவராகவே கொள்ளப்படுவார் என்று எழுதினேன். மன்னர் மகிழ்ந்து பட்டாடை போர்த்தினார். நானும் மகிழ்ந்தேன்.

ஐப்பசியில் அந்த நாளன்று அரசவை நண்பகல் முரசு வரை கலையவில்லை. முரசு முழங்கியபோது தங்கள் படகு ஏற்கெனவே துறையில் நின்றுகொண்டிருந்தது. அமைச்சர்களின் அவசரத் தேருக்குரிய பச்சைக்கொடி என் தேரில் இருந்தது. அதைக் கட்டியிருந்தால் எந்த வாயிலும் என்னை அளந்திராது. ஆனால் நான் சென்றது நாட்டின் பணிக்கு அன்று. கொடியை நானே அவிழ்த்து உள்ளே வைத்தேன். தேர்ப்பாகன் பொன்னத்தனைப் பின்னால் அமரச் செய்து கடிவாளத்தையும் நானே பிடித்தேன். ஆகவே இதில் வேறு எவர் மீதும் பழி இல்லை.

இனி மக்கள் சொன்ன சொற்களை அவர்கள் சொன்னபடியே தருகிறேன். அது அவைக்குரிய தமிழ் அன்று, அவையோர் பொறுத்தருள்க.

நான் மணித்தெருவில் சென்றபோது ஒரு பூக்காரி, "அடியே, சட்டம் போட்டவரே பறக்குறாரு பாருங்கடி! கூடையை இழு, கூடையை இழு!" என்று கூவினாள். மெல்லிய தூறல் இருந்தது. இரண்டாம் வாயிலைக் கடக்கையில் வட்டில் மூழ்கும் ஒலி போல ஒன்று கேட்டது. அது வட்டிலா, தேங்கிய நீரில் விழுந்த குளம்பா, இன்றுவரை அறியேன். மாசாத்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

துறையை அடைந்தபோது தங்கள் பாய் ஆற்றின் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. கூவினேன்; காற்று எதிர்த்திசையில் அடித்தது. ஆகவே நாச்சியாரே, ஒன்றும் பெறாமலே சட்டத்தை மீறினேன். மீறினேனா என்பதும் தெரியவில்லை.

அதன் பின் காத்திருப்பு. முதல் நாள் பொன்னத்தன், "ஐயா, வட்டிலு மூழ்கிருச்சு, என் காதால கேட்டேன். கவலையை விடுங்க" என்றான். பத்தாம் நாள், "கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றான். இருபதாம் நாள், "மழைச் சத்தமா இருந்தாலும் இருக்கும்" என்றான். இப்போதோ குதிரைகளை மட்டும் முன்னைவிட அதிகமாகத் தேய்த்துவிடுகிறான்.

ஒன்பதாம் நாள் மணித்தெருவில் நடந்து சென்றேன். மாசாத்தி என்னைக் கண்டு, "என்ன அமைச்சரே, இன்னைக்கு நடையா? கால் ரெண்டு இருக்குன்னு இப்பதான் நெனப்பு வந்துச்சோ?" என்றாள். பூக்காரிகள் சிரித்தார்கள். அது குற்றம் கண்டவளின் சொல்லா, குற்றம் காணாதவளின் கேலியா என்று ஐந்து நாட்கள் எண்ணிப் பார்த்தேன். கேட்க வழியில்லை. வழியை அடைத்தவன் நானே.

மன்றத்தின் அஞ்சற்காரன் நாள்தோறும் காலையில் எங்கள் தெருவழியே ஓடுவான். அவன் காற்சதங்கை தெருமுனையில் கேட்கும்போது எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிடுவேன். ஒரு நாள் அந்தச் சதங்கை என் வாயிலில் நின்றது. பையில் செந்நூல் தெரிந்தது. கையை நீட்டினேன். அவன், "கொஞ்சம் தண்ணி குடுங்க ஐயா" என்றான். மூன்று செம்பு குடித்தான். "உங்க வீட்டுத் தண்ணி சம்பந்தி வீட்டுத் தண்ணி மாதிரி இனிக்குது" என்று புகழ்ந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அவன் சென்ற பின் நெடுநேரம் அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இதுவரை எழுதியதிலிருந்து, நான் ஏன் தங்களுக்கு எழுதவில்லை என்பது விளங்கியிருக்கும். நான் நண்பகல் முரசு வரை அவையில் இருந்ததை ஊர் அறியும். தங்கள் படகு புறப்பட்ட நேரத்தைத் துறை அறியும். வந்தேன் என்று நான் சொன்னால், மணித்தெருவை எவ்வளவு விரைவில் கடந்தேன் என்பதை எவரும் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவர். இந்த ஓலையைப் பார்த்தெழுதிய படியும் முறைப்படி எங்கள் ஆவணச்சாலைக்குச் செல்லும். ஆகவே வந்தேன் என்று தங்களுக்குச் சொல்வதும் குற்றம் செய்தேன் என்று மன்றத்துக்குச் சொல்வதும் வேறு வேறல்ல.

இன்னும் எட்டு நாட்கள் வாய் மூடியிருந்தால் விடுபட்டாலும் விடுபடுவேன். ஐம்பதாம் நாள் முழுநிலா. அன்று நம் மணநாள். தன் தேரைத் தன் கையால் ஓட்டிவரும் மணமகனுக்கே தங்கள் வீட்டு வாயில் திறக்கும் என்பது நுரைக்கரை வழக்கம். தேரில் நான்கு நாள் வழி. எல்லாம் கூடிவர இடமிருந்தது. ஆனால் தங்கள் ஓலை எட்டு நாள் காத்திராது. அந்த ஓலையில் எழுத்தாணி இரண்டு இடங்களில் ஏட்டைத் துளைத்திருந்தது. அவ்வளவு அழுத்தி எழுதியவரிடம் மௌனமாக இருந்து காத்துக்கொள்ளும் கடிவாளம் எனக்குப் பயன்படாது.

மேலும், செருப்பைக் காட்டிய அந்த மனிதன் இன்னும் மணித்தெருவில்தான் வாழ்கிறான்.

எனக்கு நம்பிக்கை ஏதும் இருப்பதாகத் தாங்கள் எண்ண வேண்டாம். கடிவாளம் இன்றோடு போயிற்று. பொன்னத்தன் ஓட்ட, நெல்மூட்டை போலப் பின்னால் அமர்ந்து வருவது முறையாகாது. நாகஞ்சேந்தனார் தம் குல வழக்கத்தை மன்னருக்காகவும் தளர்த்தாதவர். நடந்துவரும் என்னைக் கண்டால், "குதிரை எங்கே மாப்பிள்ளை, பின்னாடி நடந்து வருதா?" என்பார், அதன் பின் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார். அவர் செய்வது சரியே. தம் சட்டத்தைத் தாமே வளைக்காதவர்கள் மேல் எனக்கு இப்போது மிகுந்த மதிப்பு உண்டு.

எனினும் நடைவழியாக நுரைக்கரை பன்னிரண்டு நாள். நாளைக் காலை புறப்பட்டால் முழுநிலா நாளில் வந்து சேர்வேன். இந்த ஓலை குதிரை அஞ்சலில் எனக்கு எட்டு நாட்கள் முன்பே வந்துவிடும். மணநாளை நீக்க வேண்டுமானால் தாராளமாக நீக்குக. மறுமொழி அனுப்ப வேண்டியதில்லை. நான் வழியில் இருப்பேன், எந்த ஓலையும் என்னை எட்டாது. செந்நூல் ஓலைக்குக் காத்திருந்தது போல் இன்னொரு ஓலைக்குக் காத்திருக்க எனக்கு வலுவில்லை. தீர்ப்பை வாயிலில் வந்து கண்டுகொள்கிறேன். மூடியிருந்தால், மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

வந்தேன் என்பதற்குச் சான்று கேட்பீர்கள், கேட்பது முறையே. ஈராண்டுக்கு முன் துறைவரி உடன்படிக்கை நாளில் நான் மூன்று நாழிகை பேசினேன். தாங்கள் என்னைப் பார்க்காமல் ஒரு கமலாப்பழத்தைத் தோல் எங்கும் அறாதபடி ஒரே சுருளாக உரித்தீர்கள். பிறகு என் பேச்சிலிருந்த நான்கு பிழைகளையும் வரிசையாகச் சொன்னீர்கள். அந்நாளிலிருந்து நான் வேறு எவரையும் எண்ணியதில்லை. ஐப்பசியில் எங்கள் துறையின் மூன்றாம் படியில், எங்கும் அறாத ஒரு கமலாத்தோல் கிடந்தது. அதன் உட்புறம் அப்போதும் ஈரமாக இருந்தது. எடுத்து வைத்திருந்தேன். இப்போது உலர்ந்து சுருண்டுவிட்டது. இந்த ஓலையோடு கட்டி அனுப்பியுள்ளேன். வாசிப்பவர் அதைத் தலைவியின் கையில் கொடுப்பாராக.

இனி ஆணை.

பாதைக்காவல் அமைச்சன் தன் வீட்டாருக்கும் பாதைமன்றத்தாருக்கும் இடுவது: நாளைச் சூரிய உதயம் முதல் வழுதூர் வீட்டுக் குதிரைகள் இரண்டும் நுகத்திலிருந்து அவிழ்க்கப்படுக. அவற்றின் கடிவாளங்கள் இந்த ஓலையின் படியோடு மன்றத்தில் ஒப்படைக்கப்படுக. குற்றவாளி தானே ஒப்பியதால் குடத்தை நோக்க வேண்டியதில்லை. வட்டில்காரி மாசாத்தி என் பெயரைக் கீறினாளா இல்லையா என்பதை எவரும் அவளிடம் வினவக்கூடாது, நானும் வினவமாட்டேன். மன்றத்தார் சான்று வேண்டினால் என் சொல்லைக் கொள்க. கமலாத்தோலைக் கொடுப்பதற்கில்லை.

கார்த்திகைத் திங்கள், வளர்பிறை இரண்டாம் நாள், அந்திப்பொழுதில் எழுதி முடித்தது. ஆணைக்கு என் பதவிக்குரிய சக்கர முத்திரையை இட்டேன். அதற்கு மேலுள்ளவற்றுக்கு, ஓட்டுவதற்கு ஏதுமில்லாத கையின் பெருவிரலால் ஒப்பமிட்டேன்.

கீரங்கொற்றன் நடந்து வருகிறான்.