பட்டன் வைத்த பேட்டரி

வியாழன், இரவு

சீ என்றிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு மூச்சுப் பரிசோதனை முடிந்து, "இனிமேல் புகையே ஆகாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் இவர் நேரே கிழக்கேகோட்டைக்கு ஆட்டோ பிடித்தார். மொபைல் கவர் விற்கிற கடை. தடை செய்த மின்சிகரெட்டைக் கவுண்டருக்கு அடியிலிருந்து எடுத்தான் மலையாளிக் கடைக்காரன்.

"இது ஆட்டோமேட்டிக் பேட்டரி, சாரே. இழுத்தால் தானே எரியும். டெஸ்ட் பண்ணி நோக்கு."

யார் யார் வாயில் வைத்ததோ, சட்டையில் துடைத்து நீட்டினான். இவரும் கூசாமல் வாயில் வைத்து இழுத்தார். விளக்கு எரியவில்லை. மறுபடியும் இழுத்தார். கண் பிதுங்கி இருமல்தான் வந்தது.

"சாருக்கு மூச்சு போரா, பத்தாது சேச்சி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். "மேனுவல் மதி, அது போதும். பட்டனை அமுக்கிப் பிடிச்சால் லேசா இழுத்தாலே புகை வரும்."

டாக்டர் சொன்னபோது முகத்தைத் தொங்கப் போட்டவர், இதைக் கேட்டுப் பூரித்துப்போனார். "பாத்தியா, நமக்குன்னே செஞ்சு வெச்சிருக்கான்."

வீட்டுக்கு வந்து இன்ஹேலர் போட்டார். அது போட்டால் அவருக்கு விரல் நடுங்கும். பட்டன் நழுவிக்கொண்டே இருந்தது.

"நீ கொஞ்சம் அமுக்கேன்."

மாட்டேன் என்றேன். கெஞ்சினார். எங்கள் வலியசாலைத் தெருவுக்கே கேட்கும்படி கெஞ்சினார்.

அமுக்கினேன். மாம்பழ வாசனையோடு புகை வந்தது.

இப்போது உள்ளே இருமுகிறார். எழுந்துபோய் முதுகைத் தடவிவிட மனசு வரவில்லை.