நீலம் போடாத அச்சு

இஞ்சாருங்கோ, என் அன்பு மனுசனே,

நீங்கள் இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. உடையார்கட்டை விட்டு எங்கே போனீர்கள், நான் எழுதுவதற்கு? இப்போது எழுதுவதும் கொஞ்சுவதற்காக இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம்.

செல்வியின் அம்மா சிலை நினைவிருக்கிறதா? மலையகத்திலிருந்து வந்து வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பம். இடப்பெயர்வில் தாயின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செல்வி சொல்லச் சொல்ல நீங்கள் களிமண்ணில் அந்த முகத்தைச் செய்தீர்கள். வாயை மட்டும் மூன்று தடவை அழித்தீர்கள். "இல்லீங்கண்ணே, இது எங்கம்மா வாய் இல்ல" என்று அவளும் விடவில்லை. கடைசியில் வாயின் இடது ஓரத்தை விரலால் ஓர் இழுப்பு இழுத்தீர்கள். "அம்மா!" என்று அவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

அடுத்த நாள் அந்த முகத்தின் மேல் பிளாஸ்டரில் அச்சு எடுத்தீர்கள். உள்ளே இருந்த களியைத் தோண்டி எடுத்து, அச்சைக் கழுவி வைத்தீர்கள். மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். களி முகமும் இல்லை, அதைச் செய்த கையும் இல்லை. மிஞ்சியது அந்த ஒரே அச்சுத்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சீமெந்து ஒட்டாமல் இருக்க அச்சுக்குள் சவர்க்காரம் பூசி, கம்பி வைத்து, சீமெந்து வார்த்தேன். வார்ப்பதும் உடைப்பதும் மினுக்குவதும் எப்போதும் என் வேலைதானே. போன வியாழன் காலை, அச்சை உடைத்து முகத்தை வெளியே எடுக்க உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்தேன். சனிக்கிழமை வருவதாகச் செல்வி சொல்லியிருந்தாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அச்சின் முதல் பூச்சில் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கலப்பீர்கள். அதன் மேல்தான் வெள்ளைப் பூச்சு. உடைத்துக்கொண்டு போகும்போது நீலம் தெரிந்தால் முகம் கிட்ட வந்துவிட்டது, இனிக் கை மெதுவாகப் போகவேண்டும். நான் நீலத்தைத் தேடித் தேடி உடைத்தேன். வெள்ளை. இன்னும் வெள்ளை. மனுசன் தடிப்பாகப் பூசியிருக்கிறார் என்று நினைத்து, உளியைச் செருகி ஒரு நெம்பு நெம்பினேன். பெரிய துண்டொன்று கழன்றது. வாளியில் போட்டு, வழக்கம்போலக் கேற்றடிப் பாதைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்து முகத்தைத் துடைத்துப் பார்க்கிறேன். வாயின் இடது ஓரம் இல்லை!

உங்களை வாய்விட்டே திட்டினேன். பிறகு குசினி அலுமாரித் தட்டைப் பார்த்தேன். நீலப் பைக்கற் உடைக்காமல் கிடந்தது. "பிள்ளையின்ர பள்ளிக்கூடச் சட்டைக்கு வாங்கினது, இனி அதில கை வைக்காதேங்கோ" என்று, நீங்கள் அச்செடுத்த அந்தக் கிழமை நான்தான் கத்தியிருந்தேன். என் வாய்க்குப் பயந்தா விட்டீர்கள்? இல்லை, மறந்துபோனீர்களா? யாரிடம் கேட்பேன் இதை?

உடைந்த ஓரம் அச்சுத் துண்டோடுதான் ஒட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கேற்றடிக்கு ஓடினேன். பக்கத்துக் காணித் தவமண்ணை உழவு மெசினில் வந்துகொண்டிருந்தார். பள்ளத்துக்கு நாலடி தூரம். நான் குறுக்கே பாய்ந்துவிட்டேன்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

"என்ன பிள்ளை, சாகப் போறியே?"

"அதுக்குள்ள வாய் கிடக்குது அண்ணை!"

எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். ஆனாலும் மெசினை நிற்பாட்டிவிட்டு வந்து, என்னோடு சேற்றுக்குள் குந்தினார். ஒவ்வொரு துண்டாகக் கழுவிப் பார்த்தோம். "இந்தா, இதுவோ எண்டு பார்" என்று அவர் நீட்டிய துண்டின் குழிவில், அரிசியளவு சீமெந்து ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

துண்டிலிருந்து அதைப் பிரிக்கவில்லை. சீமெந்தைக் குழைத்துப் பூசி, துண்டோடு சேர்த்து முகத்தில் பொருத்தி, துணியால் இறுக்கிக் கட்டினேன். சனிக்கிழமை காலை அவிழ்த்து, சாக்கு ஊசியால் பிளாஸ்டரைச் சுரண்டினேன். மூச்சுவிடவே பயமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் வெளியே வந்தது. நீங்கள் இழுத்த அதே இழுப்பு.

மத்தியானம் செல்வி வந்தாள். வாயின் இடது ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "திட்டப் போறதுக்கு முன்னாடி எங்கம்மா வாய இப்பிடித்தாங்கக்கா இழுக்கும்" என்று சொல்லி, சிலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். உடைந்ததை நான் சொல்லவில்லை. பிழையா?

போகும்போது, "அண்ணனுக்கு ஒண்ணு செய்யலீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு உடைக்கத்தான் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் போனபிறகு உங்கள் களித் தொட்டியைத் திறந்தேன். களி இன்னும் காயவில்லை. ஏனென்று யோசியாமலே, தினமும் தண்ணீர் தெளித்து வந்திருக்கிறேன்.

நாளைக் காலை அதில் கை வைக்கப்போகிறேன். உங்களைத்தான் செய்வேன். அந்தச் சப்பை மூக்கைத் திருத்தமாட்டேன். சரிவராவிட்டால் அழிப்பேன், திரும்பவும் செய்வேன். எனக்குப் படமும் வேண்டாம், சொல்லித்தர ஆளும் வேண்டாம். இருபத்திரண்டு வருசம் பார்த்துப் பார்த்துச் சண்டை பிடித்த முகம். கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும்.

உங்களோடு சண்டை இன்னும் தீராத,
உங்கள் மனுசி,
யோகம்